பீட்டில்ஸை இறக்கிய பள்ளிக்கூடத்துப் பசங்க

1964-ல் சிங்கப்பூர், மலேசியா ஹிட் பட்டியலில் பீட்டில்ஸோட 'ஐ ஷுட் ஹேவ் நோன் பெட்டர்' முதலிடத்தில் இருந்தது. அதைக் கீழே இறக்கினது யார் தெரியுமா? குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில் தொடங்கின 'தி குவெஸ்ட்ஸ்'. பாட்டு பேர் 'ஷாண்டி'. பாட்டுன்னு சொன்னாலும் அதுல ஒரு வார்த்தைகூடக் கிடையாது, எல்லாம் கிடார்தான். ஒரு உள்ளூர் குழு அங்கே முதலிடம் பிடிச்சது அதுதான் முதல் தடவை. பத்து வாரத்துக்கு மேலே பட்டியலில் நின்றது.

நான் குலசேகரன்பட்டினத்துக்காரன். தசரா வந்தா எங்க பக்கம் தெருவுக்கொரு செட் கிளம்பும். நாலு பேர் சேர்ந்து ஒரு பேர் வைப்பாங்க, வேஷம் கட்டுவாங்க, மேளத்துக்குப் பேசுவாங்க, காணிக்கை பிரிச்சு ஊர் ஊரா ஆடிட்டுப் போவாங்க. சாமி காரியத்தை ராக்கோட சேர்க்கிறானேன்னு கோவிச்சுக்காதீங்க, அறுபதுகளின் சிங்கப்பூரை எனக்கு அப்படித்தான் பிடிபடுது. 1961-ல் கிளிஃப் ரிச்சர்டும் ஷாடோஸும் அங்கே வந்து வாசிச்சுட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் எங்கே பார்த்தாலும் கிடார் குழுதான். குவெஸ்ட்ஸும் அதே வருஷம் தொடங்கினதுதான். பள்ளிப் பத்திரிகையின் பேரையே குழுவுக்கு வச்சுக்கிட்டாங்க. கொஞ்ச நாளில் இஎம்ஐ கம்பெனி அவர்களை இசைத்தட்டுக்கு அழைத்தது.

ஆனா 1964 சாதாரண வருஷம் இல்லை. சிங்கப்பூர் அப்போ மலேசியாவுக்குள்ளே இருந்தது. ஜூலையில் ஒரு தடவை, செப்டம்பரில் ஒரு தடவை மலாய்–சீனக் கலவரம், ஊரடங்கு. அடுத்த ஆகஸ்டில் நாடே தனியாகப் பிரிந்தது. அந்த நேரத்தில்தான் ஜாப் சோங், லிம் வீ குவான், ரெஜி வர்கீஸ்னு பேர்கள் ஒண்ணா இருந்த ஒரு குழு முதலிடத்துக்கு வருது. வர்கீஸ்ங்கிற பேரே கேரளா பக்கம் கைகாட்டும். நம்ம கடையநல்லூர், தென்காசியிலிருந்து போன குடும்பங்கள் தஞ்சோங் பகார் பக்கம் இருந்த காலம் அது. அந்த வீட்டுப் பசங்க காதிலும் 'ஷாண்டி' விழுந்திருக்கும். சீனமா, மலாயா, தமிழா, இங்கிலீஷான்னு கேட்க அதுல வார்த்தையே இல்லையே! அதுக்காக இசை எல்லாரையும் சேர்த்து வச்சுதுன்னு நான் கதை விட மாட்டேன். ஒரு கிடார் எந்தக் கலவரத்தையும் நிறுத்தலை. அந்த வருஷத்தில் எல்லாரும் ஒண்ணாக் கேட்க ஒரு மெட்டு இருந்தது, அவ்வளவுதான்.

1966-ல் 'குவெஸ்டிங்'னு எல்பி வந்தது. வெர்னன் கார்னீலியஸ் பாடின 'மிஸ்டர் ரெயின்போ'வும் ஹிட். பிறகு காலம் மாறிப்போச்சு. எழுபதுகள் தொடங்கினதும் பிரிட்டிஷ் ராணுவம் மூட்டை கட்டியது. அரசாங்கம் நீள முடிக்கு எதிராக இறங்கியது. அலுவலகங்களில், முடி வளர்த்த ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவைன்னு போஸ்டர் ஒட்டினாங்க. 1972-ல் லெட் செப்பலின் கச்சேரியே முடியால் நின்றுபோனது. குவெஸ்ட்ஸ் அதுக்கு முன்பே கலைந்திருந்தது. ரெஜி வர்கீஸ் இஎம்ஐ-யில் தயாரிப்பாளராகி, மற்றவர்களின் பாட்டுக்களைப் பதிவு செய்தார்.