சேதுபதி

சேதுபதி என்பது இராமநாதபுரத்தை ஆண்ட மறவர் மன்னர்கள் வழிவழியாகச் சூடிய பட்டப்பெயர். சேதுவின் தலைவர், சேதுவைக் காப்பவர் என்பது இதன் பொருள். இராமன் கட்டியதாக நம்பப்படும் அணையும் அதையொட்டிய தீர்த்தக்கரைகளும் சேது எனப்படும்.

தோற்றம்

இராமேசுவரம் செல்லும் பயணிகளுக்கு வழிக்காவல் தரும் பொறுப்பே இப்பட்டத்தின் அடிப்படை. மதுரை நாயக்கரான முத்துக்கிருஷ்ணப்பர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சடைக்கன் உடையான் சேதுபதியை இப்பகுதியின் தலைவராக ஏற்றார். 

ஆட்சி

மைசூர்ப் படையெடுப்பின்போது ரகுநாத சேதுபதி மதுரை மன்னர் திருமலை நாயக்கருக்குத் துணை நின்றார். மதுரையைப் போலவே நவராத்திரி விழா எடுக்கும் உரிமையை அதற்குப் பரிசாகப் பெற்றார். கிழவன் சேதுபதி தலைநகரைப் போகலூரிலிருந்து இராமநாதபுரத்துக்கு மாற்றினார். அவருக்குப் பின் எழுந்த வாரிசுப் பூசலின் முடிவில், 1730ஐ ஒட்டி, நாட்டின் ஐந்தில் இரண்டு பங்கு பிரிந்து சிவகங்கைச் சீமையானது.

ஜமீன் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனி 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கியது. 1803இல் அவருடைய தமக்கை மங்களேசுவரி நாச்சியார் ஜமீன்தாரிணியாக ஏற்கப்பட்டார். நாடாண்டவர்களின் பட்டம் இப்போது பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டும் ஜமீனின் பட்டமானது. வாரிசுரிமையை நீதிமன்றங்கள் முடிவு செய்தன. கணவர் அனுமதி தந்திராவிட்டாலும் அவருடைய பங்காளிகள் இசைந்தால் விதவை தத்தெடுக்கலாம் என்ற அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் 1868ஆம் ஆண்டுத் தீர்ப்பு இந்த ஜமீன் வழக்கில் பிறந்ததே.

சமூக இடம்

கோயில்களின் பரம்பரை அறங்காவலும் பட்டத்தோடு சேர்ந்தே வந்தது. பாஸ்கர சேதுபதி 1897இல் விவேகானந்தரைப் பாம்பனில் வரவேற்றார். 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கம் உருவாகத் துணைநின்றார். ஆனால் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்து வழக்குத் தொடுத்தவரும் அவரே. 1908இல் பிரிவி கவுன்சிலும் நாடார்களுக்கு நுழைவுரிமையை மறுத்தது. தமிழுக்குக் கொடை தந்த அதே பட்டம், வழிபாட்டுரிமையை மறுக்கும் அதிகாரமாகவும் நின்றது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்வதே சேதுபதிகளின் முழு வரலாறு.

1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தால் ஆட்சியுரிமையின் எச்சமும் முடிவுக்கு வந்தது. பட்டம் குடும்பப் பெயராகத் தொடர்கிறது.