முக்காலே மூன்று வீசம்

தொடக்கப்பள்ளிக் கணிதத்தில், பின்ன அளவுகளை எண்கோட்டின்மேல் புள்ளிகளாகக் குறித்துப் படிக்கும் பாடம் ஒன்று உண்டு. அப்பாடத்தில் மாணவர் பெரிதும் இடர்ப்படும் இடம் பின்னத்தின் அளவை உணர்வதேயாகும். 3/8, 1/2 என்னும் இரண்டனுள் பெரியது எது என வினவினால், மூன்றும் எட்டும் பெரிய எண்களாதலின் 3/8 என விடை கூறும் மாணவர் உளர். பழந்தமிழ்க் கணக்கின் வரலாறு இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு தீர்வு காட்டுகின்றது.

முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றிற்குக் குறைந்தவற்றைக் கீழ்வாய் இலக்கம் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். கீழ்வாய் இலக்கத்துள் இரு குடும்பங்கள் உள்ளன. ஒன்றை மேன்மேலும் பாதியாக்கிப் பெறுவன அரை, கால், அரைக்கால், வீசம். இவை முறையே 1/2, 1/4, 1/8, 1/16 ஆகும். ஒன்றை இருபதாக்கிப் பெறுவது மா. அதனை நான்காக்கினால் காணி, அதாவது 1/80. வீசத்திற்கு மாகாணி என்றும் பெயர். மாவும் காணியும் கூடினால் 1/16 ஆவது கண்டு இட்ட பெயர் அது. இரு குடும்பமும் அங்குக் கைகோத்துக் கொள்கின்றன.

காணியின் கால் பங்கு முந்திரி, அதாவது 1/320. இவ்வலகால் அளந்தால் முன்னர்க் கூறிய பின்னங்கள் யாவும் முழு எண்களாகிவிடும். அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, வீசம் 20, மா 16, காணி 4. பகுதி எண்ணைச் சமப்படுத்தும் உழைப்பு இதனால் ஒழிந்தது.

இது ஏட்டளவில் நின்ற கணக்கன்று. முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலில் வெட்டுவித்த கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி எனப் படிப்படியாகக் குறைத்து, முந்திரிக்கும் கீழான நுண்பின்னம் வரை பதிவு செய்துள்ளன. பிற்காலத்தில் திண்ணைப் பள்ளிச் சிறார் இவ்வாய்பாட்டை எண்சுவடியில் மனப்பாடம் செய்தனர்.

பதினாறாகப் பகுக்கும் வழக்கம் அன்றாட வாழ்விலும் ஊன்றியிருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா. எனவே ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். மலாயாவில் கட்டி என்னும் நிறுத்தல் அளவையும் 16 பங்காகவே பகுக்கப்பட்டது. இந்தியா 1957இல் பதின்ம நாணயத்தை ஏற்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1970களில் மெட்ரிக் அளவைக்கு மாறின. வணிகத்திற்கு அது நன்மையே. ஆயினும் கீழ்வாய் இலக்கம் வகுப்பறையினின்று மறைந்தது.

மறைந்ததன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். எட்டுக் காகிதத் துண்டுகளின் நீளம் அங்குலத்தில் புள்ளியிடப்பட்டுள்ளது எனக் கொள்வோம். கால் என்னும் இடத்தில் 1 புள்ளி, 3/8இல் 2, அரையில் 3, முக்காலில் 2. தமிழ்க் கணக்கில் 3/8 என்பது காலே அரைக்கால். பெயரைச் சொன்ன அளவிலேயே அது காலைக் கடந்தது, அரையை எட்டாதது என்பது விளங்கும். பெயரே எண்கோட்டில் அதன் இடத்தைச் சுட்டுகின்றது. இனி எல்லாவற்றையும் அரைக்காலால் எண்ணுக. 2, 6, 12, 12 எனக் கூடி 32 அரைக்கால், அதாவது 4 அங்குலம் ஆகும். எட்டுத் துண்டுகளுக்கும் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் அரை அங்குலம்.

ஏறத்தாழ முழுமை என்பதைக் குறிக்க முக்காலே மூன்று வீசம் என இன்றும் கூறுகிறோம். அது 15/16, ஒன்றை எட்ட ஒரு வீசமே குறை. பொருளறியாது வழங்கும் இத்தொடரைக் கரும்பலகையில் ஒரு கோடிட்டு மாணவர்க்கு விளக்குதல் தமிழாசிரியர்க்கும் கணித ஆசிரியர்க்கும் பொதுவான கடமையாகும். மொழியும் கணக்கும் அங்கு ஒரே பாடமாகிவிடும்.