ஆறு படங்களில் ஒரு நெசவாளர் எழுச்சி

ஜவுளித் தொழில்நுட்பம் படித்த நாமெல்லாம் ஒரு வரியை எழுதி மார்க் வாங்கியிருப்போம்: 'இயந்திரத்துக்கு அஞ்சி நெசவாளர்கள் கலகம் செய்தனர்.' அதை எல்லா ஊருக்கும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்று எனக்குக் காட்டியவை கேத்தே கோல்விட்ஸ் என்ற ஜெர்மன் ஓவியரின் ஆறு அச்சுப் படங்கள்.

கணவர் பெர்லினில் ஏழைத் தொழிலாளருக்கு வைத்தியம் பார்த்தவர். 1893-இல் ஹாப்ட்மனின் 'நெசவாளர்கள்' நாடகத்தை இந்த அம்மையார் பார்த்தார். போலீஸ் தடை இருந்ததால் பொதுமக்களுக்கு இல்லாமல் தனிக்காட்சியாக நடந்த நாடகம் அது. கதை 1844 ஜூனில் பிரஷ்யாவின் சைலீசியாவில் நடந்தது. அந்த ஊர்கள் இன்று போலந்தில் இருக்கின்றன. வீட்டுத் தறியில் நெய்தவர்களின் கூலியை வியாபாரிகள் குறைத்துக்கொண்டே போக, ஜனங்கள் பொங்கிவிட்டார்கள். ஒரு முதலாளியின் வீட்டை நொறுக்கினார்கள். லாங்கன்பீலாவில் ராணுவம் சுட்டதில் 11 பேர் செத்தார்கள்.

முதல் படத்தில் வாடிக் கிடக்கும் குழந்தை, தலையில் கைவைத்த தாய், பின்னால் தறி. கடைசிப் படத்தில் சுடப்பட்டவர்களைத் தூக்கி வருகிறார்கள், அங்கேயும் தறி. ஒரு தறியும் உடையவில்லை, கவனியுங்கள்! பெண்கள் தரையிலிருந்து பெயர்த்த கற்கள் முதலாளி வீட்டு இரும்புக் கதவுக்குத்தான்.

1898 பெர்லின் கண்காட்சியில் நடுவர்கள் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்தார்கள். கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்துவிட்டார். அரை நூற்றாண்டுக்கு முந்தைய கலகம்தானே என்று ராஜா சும்மா விடவில்லை!

என் அப்பா குழித்தறியில் கூலிக்கு நெய்தவர். புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இங்க இழை விட்டிருக்கு" என்று முதலாளி கூலியில் பிடிப்பார். ஒருநாள் கூடப் போயிருந்தேன். அப்பா அங்கே வாயே திறக்கவில்லை. திரும்பும்போது, "அவரு கணக்கு அவருக்குத்தான் தெரியும்ப்பா" என்றார், அவ்வளவுதான்.

இன்று நான் ஏர்ஜெட் தறிகளை நிறுவிக் கொடுக்கிறேன். தறி எத்தனை நிமிடம் நின்றது என்பதெல்லாம் கணினியில் ஏறிவிடும். ஒரு மில்லில் அதை வைத்தே தறி ஓட்டுபவர்களின் ஊக்கத்தொகையில் பிடிக்கிறார்கள். நூல் மோசமாக இருந்து அறுந்தாலும் சரி, பிடித்தம் பிடித்தம்தான். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவன் நான். நூல் அறுந்து நின்ற நேரத்தைத் தனியாகக் காட்டலாம், திரையைத் தறி ஓட்டுபவர்களும் பார்க்கிற மாதிரி வைக்கலாம் என்று போன மாதம் எழுதிக் கொடுத்தேன். "பாக்கலாம் சார்" என்றிருக்கிறார்கள்.