இலையின் மறுபக்கம்: மலாயாப் பெரணிகள் பெயர் பெற்ற வரலாறு

செடிகொடிகளை வகைப்படுத்தும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மரபியல், வயிரத்தைப் புறத்தே உடையவற்றைப் புல் என்றும், அகத்தே உடையவற்றை மரம் என்றும் பிரித்துக் காட்டிற்று. அதனால்தான் ஓங்கி வளரும் தென்னையும் பனையும் புல்லினத்தில் அடங்கின. தோற்றத்தைக் கண்டு மயங்காது அமைப்பை நோக்கிப் பெயரிடுக என்பதே அதன் உட்கருத்தாகும். இதே பாடத்தைப் பெரணிச் செடிகளிடம் கற்றுக்கொள்ள மேலைநாட்டு அறிஞர்க்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

பெரணிக்குப் பூவில்லை; காயில்லை; விதையுமில்லை. இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ காணப்படும் நுண்ணிய வித்துத்துகள்களால் அது இனம் பெருக்குகின்றது. மலாய் மக்கள் இவ்வினத்தைப் பொதுவாகப் 'பாக்கு' என்பர். வெற்றிலையோடு மெல்லும் பாக்குக்கும் இதற்கும் உறவேதும் இல்லை.

உலகெங்கும் பரவிய பெரணிகளுள் ஒன்று பிராக்கன். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குத் 'தெரிசு அக்குவிலினா' என்று பெயரிட்டார். 'அக்குவிலா' எனில் இலத்தீன் மொழியில் கழுகு. வித்துத்துகள் இலையின் ஓரத்தில் அமைந்திருந்ததால், அவ்வாறே அமைந்த ஏனைய தெரிசுப் பெரணிகளோடு இதனையும் அவர் சேர்த்தார். ஆயினும் பின்வந்தோர் கூர்ந்து நோக்கினர். தெரிசின் நிலத்தடித் தண்டில் செதில்கள் உள. பிராக்கனின் தண்டிலோ மயிர்களே உள. தெரிசின் வித்துக்கு மடிந்த இலையோரம் ஒன்றே மூடி. பிராக்கனுக்கு உள்ளே மெல்லிய மூடி மற்றொன்றும் உண்டு. ஆகவே 'தெரிடியம்' என்னும் தனி இனம் 1760இல் வகுக்கப்பட்டது. இன்று வழங்கும் 'தெரிடியம் அக்குவிலினம்' என்னும் பெயரைச் செருமானியர் கூன் 1879இல் அமைத்தார்.

இவ்வரலாற்றில் தமிழகத்திற்கும் இடமுண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட் வைட் தென்னிந்தியச் செடிகளைத் திரட்டிய பெருமகன். அவர் பெயரால் பிராக்கனின் ஒரு வகையை அகார்டு 1839இல் 'தெரிசு வைட்டியானா' என்றழைத்தார். சென்னை மாகாண வனத்துறைத் தலைவராயிருந்த பெடோம், 1863 முதல் தென்னிந்தியப் பெரணிகளைப் படங்களுடன் வெளியிட்டார். 1883இல் அவர் வெளியிட்ட கையேடு, இந்தியா, இலங்கை, மலாயாத் தீபகற்பம் ஆகிய மூன்றன் பெரணிகளையும் ஒருங்கே விளக்கிற்று. தமிழகத்திலிருந்து தொழிலாளர் கப்பலேறி மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலமும் அதுவே.

இரப்பரைப் பரப்பிய ரிட்லியை நாம் அறிவோம். சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராயிருந்த அவர், ஓய்வுபெற்ற பின் 1926இல் மலாயாத் தீபகற்பப் பெரணிகளைத் தொகுத்து எழுதினார். அவரினும் ஆழச் சென்றவர் 1922இல் சிங்கப்பூர் வந்த ஹோல்ட்டம். சப்பானியர் ஆட்சியின்போது அவரும் கார்னரும் பூங்காவிலேயே பணிபுரிய விடப்பட்டனர். அவ்வாண்டுகளை ஹோல்ட்டம் ஆராய்ச்சிக்கே செலவிட்டார். அதுவரை பெரும்பாலான பெரணிகள் ஒரே பெருங்குடும்பமாகக் குவிக்கப்பட்டிருந்தன. சீன அறிஞர் சிங் 1940இல் அதனை 33 குடும்பங்களாகப் பிரித்திருந்தார். ஹோல்ட்டம் 1947இல் தமது பகுப்பை வெளியிட்டார். 1954இல் 'மலாயாப் பெரணிகள்' என்னும் பெருநூலையும் வழங்கினார்.

இவ்வறிஞர்கள் தேடிய அடையாளங்கள் நம் மாணவர்க்கும் எட்டக்கூடியவையே. பிராக்கன் வெயில் படும் வெட்டவெளியில் வளரும். மண்ணுள் ஓடும் தண்டிலிருந்து இலைகள் தனித்தனியே எழும். இலை முக்கோண வடிவில் பன்முறை பிரிந்திருக்கும். கறிக்கு உதவும் 'பூச்சோக் பாக்கு' ஈரமான ஆற்றோரங்களில் கொத்தாக வளரும். அதன் வித்துத்துகள் இலை நரம்பை ஒட்டிக் கோடுகளாகத் தோன்றும். சரிவுகளில் புதராய்ப் படரும் 'ரெசாம்' மீண்டும் மீண்டும் இரண்டிரண்டாகக் கவைத்துச் செல்லும். அதன் தண்டைச் சீவி ஜாவி எழுத்தை எழுதிய காலமும் உண்டு. 'மிடின்' என்பதோ கொடியாய் ஏறும். அதன் தளிர் சிவந்திருக்கும்.

இவ்வேறுபாட்டை அறிதல் வெறும் ஏட்டறிவு அன்று. பூச்சோக் பாக்கும் மிடினும் உண்ணத்தக்கவை. பிராக்கனைத் தின்ற மாடுகளோ சிறுநீரில் குருதி கலந்து நோயுறுகின்றன. அதன் நச்சுப்பொருளான தாக்குவிலோசைடு 1983இல் பிரித்தறியப்பட்டது. 1987இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் பிராக்கனைச் சேர்த்தது. சுருண்டெழும் இளந்தளிர் பருவத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். வித்துத்துகள் முதிர்ந்த இலையிலேயே தெரியுமாதலின், தளிரை மட்டும் கண்டு முடிவு செய்தல் தகாது. அருகிலுள்ள முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஐயம் தீராவிடில் பறியாது விடுதலே அறிவுடைமை.

பெரணிகளின் இலத்தீன் பெயர்கள் நூல்களில் நிலைபெற்றுவிட்டன. மலாய்ப் பெயர்கள் பலவற்றைப் பர்க்கில் 1935இல் வெளியிட்ட பொருட்பயன் அகராதி காத்து வைத்துள்ளது. தோட்டப்புறத் தமிழர் இச்செடிகளிடையே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அவர்கள் இவற்றை எப்பெயரால் அழைத்தனர், எதை உண்டனர், எதை விலக்கினர் என்பவற்றை அம்முதியோரிடம் கேட்டுக் குறித்து வைத்தல் தமிழாசிரியர் கடமையாகும். மாணவர் ஒவ்வொருவரும் ஓர் இலையைக் கொணர்ந்து, அதன் மறுபக்கத்தை வரைந்து, வீட்டார் கூறும் பெயரை அதனடியில் எழுதட்டும். வைட்டும் ஹோல்ட்டமும் செய்த பணியின் தொடக்கம் அதுவேயாம். நம் மொழியில் அது இனித்தான் தொடங்கப்பட வேண்டும்.