தப்ப முடியாத தீவுக்குக் குடியேறப் போனவர்கள்

அல்காட்ராஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாதான். கிளின்ட் ஈஸ்ட்வுட் கரண்டியை வைத்துச் சுவரைச் சுரண்டுவார். இல்லையென்றால் சிகாகோ தாதா அல் கபோன். அதுவும் இல்லையென்றால் சிறைக்குள் பறவை வளர்த்த கைதி. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள், கரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில், 22 ஏக்கர் பாறை மேடு அது. 'தி ராக்' என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அமெரிக்க மத்திய அரசின் சிறையாக அது இயங்கியது 1934 ஆகஸ்டிலிருந்து 1963 மார்ச் வரைக்கும்தான். 29 வருசம்கூட முழுசா இல்லை. ஆனால் அந்தக் கொஞ்ச வருசத்துக் கதைகள்தான் உலகம் பூராவும் விலைபோயின.

அந்தக் கதைகளைக் கொஞ்சம் உரசிப் பார்த்தாலே சாயம் போகிறது. 'அல்காட்ராஸின் பறவை மனிதர்' என்று 1962இல் பர்ட் லங்காஸ்டர் நடித்துப் படம் வந்தது. நிஜத்தில் ராபர்ட் ஸ்ட்ரவுட் பறவை வளர்த்தது கன்சாஸ் மாநிலத்து லெவன்வொர்த் சிறையில். 1942இல் அல்காட்ராஸுக்கு மாற்றப்பட்டபின் அவருக்கு ஒரு குருவியைக்கூட அனுமதிக்கவில்லை. அடுத்தது சுறாமீன் கதை. நீந்தித் தப்பினால் சுறா தின்றுவிடும் என்று கைதிகளை நம்ப வைத்தார்கள். அந்த விரிகுடாவில் பெரும்பாலும் இருப்பவை ஆளைத் தின்னாத சின்னச் சுறாக்கள். 1933இல், அதாவது அந்தச் சிறை திறப்பதற்கு முந்தின வருசம், ராணுவச் சார்ஜண்ட் ஒருவரின் 17 வயது மகள் தீவிலிருந்து கரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் நீந்திக் காட்டிவிட்டாள். ஒரு பொண்ணு நீந்தின பிறகும் 'நீந்தவே முடியாது' என்ற கதை நிற்கிறது பாருங்கள்!

14 முயற்சிகளில் 36 பேர் தப்பப் பார்த்தார்கள் என்பது அரசுக் கணக்கு. 1962 ஜூனில் ஃபிராங்க் மோரிஸும் ஆங்லின் சகோதரர்கள் இருவரும் சோப்பு, காகிதம், நிஜத் தலைமுடி வைத்துச் செய்த பொம்மைத் தலைகளைப் படுக்கையில் வைத்துவிட்டு, மழைக்கோட்டுகளை ஒட்டித் தைத்த மிதவையில் இருட்டுக்குள் போனார்கள். செத்தார்களா பிழைத்தார்களா என்று இன்றுவரை யாராலும் நிரூபிக்க முடியவில்லை. எஃப்.பி.ஐ. 1979இல் தன் விசாரணையை மூடியது. கிளின்ட் ஈஸ்ட்வுட் படம் வந்ததும் அதே வருசம்தான்.

தமிழ் எம்.ஏ. வகுப்பில் தொன்மம் பற்றிப் படித்தபோது நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம் ஒன்று உண்டு. ஒரு கதை நிஜமா பொய்யா என்று கேட்பதோடு நிற்காமல், அது யாருக்குத் தேவைப்பட்டது என்றும் கேட்க வேண்டும். 1930களில் அமெரிக்க அரசுக்கு ஒரு பயங்காட்டி தேவைப்பட்டது. பத்திரிகைக்காரனை உள்ளே விடாமல் வதந்தியை மட்டும் வெளியே விட்டார்கள். கைதிகள் பேசவே கூடாது என்று முதல் வருசங்களில் விதி. கறுப்பினக் கைதிகளை வெள்ளைக் கைதிகளிடமிருந்து பிரித்துத் தனி வரிசை அறைகளில் அடைத்தார்கள். கொள்ளைக்காரனிலும் ஊர் வேறு, சேரி வேறு! இதை எந்தப் படத்தில் அழுத்திக் காட்டினான்?

ஆனால் என் விஷயம் அதற்கும் முந்தியது. அந்தத் தீவை 1850களில் ராணுவம் கோட்டையாக்கியது. 1859லிருந்து அங்கே கைதிகள் உண்டு. முதலில் சிப்பாய்கள், பிறகு உள்நாட்டுப் போர்க்காலத்துத் துரோகிகள் என்று குற்றம்சாட்டப்பட்டவர்கள். அப்புறம் பூர்வகுடிகள். மோடோக் மக்கள் தங்கள் மண்ணைவிட்டுப் போகமாட்டோம் என்று 1872–73இல் எரிமலைப் பாறைகளுக்குள் மறைந்து நின்று சண்டை போட்டார்கள். தோற்றபின் தலைவர் கின்ட்புவாஷ் உட்பட நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். பார்ஞ்சோ, ஸ்லோலக்ஸ் என்ற இரண்டு பேரின் தூக்கை ஆயுள்தண்டனையாக்கி அல்காட்ராஸுக்கு அனுப்பினார்கள். பார்ஞ்சோ 1875இல் அங்கேயே செத்தார்.

1895 ஜனவரியில் 19 ஹோபி ஆண்களைத் தீவில் இறக்கினார்கள். அரிசோனாவின் ஒராய்பி கிராமத்துக்காரர்கள். பாலைநிலத்தில் மக்காச்சோளம் வைத்துப் பிழைக்கிற சனங்கள். கொலை செய்தார்களா? இல்லை. கொள்ளையடித்தார்களா? அதுவும் இல்லை. பிள்ளைகளை அரசாங்க விடுதிப் பள்ளிக்கு அனுப்பமாட்டோம் என்றார்கள். நிலம் அங்கே குலத்துக்குப் பொது. வீடும் வயலும் பெண்வழியில் வரும். அதைத் தனித்தனித் துண்டாக்கி ஆண்கள் பேரில் எழுதித் தருகிறேன் என்று வாஷிங்டன் வந்தபோது, வேண்டாம் என்றார்கள். இவ்வளவுதான் குற்றம். ஊருக்குள்ளேயே அரசாங்கத்தோடு ஒத்துப்போனவர்களும் உண்டு. அவர்களுக்கு 'நட்பானவர்கள்' என்றும் மறுத்தவர்களுக்கு 'பகையாளிகள்' என்றும் பேர் வைத்து, குதிரைப்படையை அனுப்பி, லோமஹோங்யோமா முதலான 19 பேரைப் பிடித்தார்கள். வழக்கில்லை, விசாரணையில்லை. சான் பிரான்சிஸ்கோ பத்திரிகை ஒன்று அவர்களை அப்பாச்சிகள் என்று எழுதியது. யாரைப் பிடித்து வந்திருக்கிறோம் என்றுகூடத் தெரிந்துகொள்ளவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை அவனுக்கு. தீவில் மரம் அறுக்க வைத்தார்கள். இடையில் ஒருநாள் நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிக் காட்டினார்கள். வெள்ளைப் பிள்ளைகள் வாய்ப்பாடு படிப்பதைப் பார்த்தால் மனசு மாறிவிடுவார்களாம். ஏழு மாதம் வைத்திருந்து ஆகஸ்டில் விட்டார்கள். மனசு மாறவில்லை. ஊருக்குப் போய் மறுபடியும் மறுத்தார்கள். 1906இல் ஒராய்பியே இரண்டாக உடைந்தது.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. அதைத் தாண்டிக் குதித்துப் போக எனக்கு விருப்பமில்லை. இவர்களைப் பிடிக்கக் குதிரைப்படை போன அதே 1894இல்தான் சென்னையில் ஆல்காட், பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். பள்ளிக்கூடத்துக்குள் விடு என்று கேட்டு அடிபட்ட சனங்கள் நாம். பள்ளிக்கு விடமாட்டேன் என்று சிறைக்குப் போனவர்களை எப்படிப் புரிந்துகொள்வது? 'பழமைவாதிகள், படிப்பின் அருமை தெரியாதவர்கள்' என்று தோழர் ஒருவர் என்னிடமே சொன்னார். அந்த விடுதிப் பள்ளிகளில் என்ன நடந்தது என்று பார்த்துவிட்டுப் பேச வேண்டும். சின்னப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து, முடியை வெட்டி, பேரை மாற்றி, சொந்த மொழி பேசினால் அடித்து, 'இந்தியன்' என்பதையே உள்ளிருந்து அழிப்பதற்கென்று நடத்திய பள்ளிகள் அவை. நமக்குக் கதவை மூஞ்சியில் சாத்தினான். அவர்கள் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினான். அந்த 19 பேர் அறிவை மறுத்ததாக நான் நினைக்கவில்லை. என் பிள்ளையை என்ன ஆக்குவது என்று நீ யார் முடிவெடுக்க என்று கேட்டார்கள்.

அப்புறம் முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்த ஹட்டரைட் கிறிஸ்தவர்கள் நாலு பேரை 1918இல் இதே தீவின் நிலவறையில் போட்டார்கள். அதில் ஹோஃபர் சகோதரர்கள் இருவர், வேறு சிறைக்கு மாற்றியபின் செத்தார்கள். ராணுவச் சீருடை போடமாட்டேன் என்றவனின் பிணத்துக்கே சீருடை மாட்டிவிட்டார்களாம்.

1963இல் செலவு கட்டவில்லை என்று மூடினார்கள். குடிதண்ணீர்கூடப் படகில் போக வேண்டிய தீவு. மறு வருசம் மார்ச்சில் லகோட்டா சியூ மக்கள் ஐந்து பேர் போய் இறங்கி, 1868 ஒப்பந்தப்படி அரசு கைவிட்ட நிலம் எங்களுக்குச் சேரும் என்றார்கள். ஏக்கருக்கு 47 சென்ட் தருகிறோம் என்றார்கள். கலிபோர்னியப் பூர்வகுடிகளின் நிலத்துக்கு அரசாங்கம் போட்ட விலை அது! நாலு மணி நேரத்தில் வெளியேற்றிவிட்டார்கள்.

1969 நவம்பர் 20 அதிகாலை 89 பேர் வந்தார்கள். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். மொஹாக் இனத்து இரும்பு வேலைக்காரரும் மாணவருமான ரிச்சர்ட் ஓக்ஸ், ஷோஷோன்-பன்னாக் இனத்து லாநாடா மீன்ஸ் முன்னே நின்றார்கள். 1950களில் குலங்களைக் கலைத்து நகரங்களுக்கு விரட்டிய அரசாங்கத் திட்டம் இருக்கிறதே, அதுதான் பல குலத்துப் பிள்ளைகளையும் ஒரே நகரத்தில் சேர்த்து வைத்தது. 'அனைத்துக் குலங்களின் இந்தியர்கள்' என்று தங்களுக்குப் பேர் வைத்தார்கள். கொலம்பஸ் வழிதவறி வைத்த பேர்தான் இந்தியன். அடுத்தவன் வச்ச பேரையே எடுத்து நிமிர்ந்து திருப்பிச் சொல்கிற வித்தை நமக்கும் தெரியும்.

அவர்கள் வெளியிட்ட பிரகடனத்தில் கிண்டல் கொப்பளிக்கும். மன்ஹாட்டனை வாங்கிய விலையான 24 டாலரைக் கண்ணாடி மணியாகவும் சிவப்புத் துணியாகவும் தருகிறோம் என்றார்கள். தீவில் வெள்ளையருக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, அவர்களைக் கவனிக்க 'வெள்ளையர் விவகாரத் துறை' ஒன்று வைப்போம் என்றார்கள். 'நலத்துறை' பார்த்துப் பழகிய நம்மைவிட இதை யார் நன்றாகச் சிரித்து ரசிக்க முடியும்? தண்ணீர் இல்லை, வேலை இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, மண் விளையாது. ஆகவே எங்களுக்கு ஒதுக்கிய இடங்களைப் போலவே இருக்கிறது என்றும் எழுதினார்கள். கேட்டது என்ன? பூர்வகுடி ஆய்வு மையம், அருங்காட்சியகம், பயிற்சிப் பள்ளி. தீவிலேயே பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். பள்ளியை மறுத்தவர்களை அடைத்த தீவில், தங்கள் கையால் பள்ளி! ஜான் ட்ருடெல் அங்கிருந்தே வானொலி நிகழ்ச்சி நடத்தினார்.

19 மாதம் நின்றார்கள். எல்லாம் அழகாக நடந்தது என்று எழுதினால் அதுவும் ஒரு கட்டுக்கதைதான். 1970 ஜனவரியில் ஓக்ஸின் வளர்ப்பு மகள் மாடியிலிருந்து விழுந்து செத்தாள். அவர் குடும்பத்தோடு வெளியேறினார். மாணவர்கள் படிப்புக்குத் திரும்ப, போதைப்பொருளும் கோஷ்டிச் சண்டையும் உள்ளே வந்தன. அரசு மின்சாரத்தையும் தண்ணீரையும் வெட்டியது. ஜூனில் தீப்பிடித்துக் கட்டடங்கள் எரிந்தன. 1971 ஜூன் 11இல் மார்ஷல்கள் போய் இறங்கியபோது மிச்சம் இருந்தது ஆண்கள் 6, பெண்கள் 5, குழந்தைகள் 4.

தோல்வி என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்லமாட்டேன். தீவில் ஆள் இருந்தபோதே, 1970 ஜூலையில், குலங்களைக் கலைக்கும் கொள்கையைக் கைவிடுவதாக நிக்சன் அறிவித்தார். அந்த டிசம்பரில் டாவோஸ் பூப்ளோ மக்களுக்கு அவர்களின் நீல ஏரியும் 48,000 ஏக்கரும் திரும்பி வந்தன.

1973இல் அல்காட்ராஸ் சுற்றுலாத்தலமாகத் திறக்கப்பட்டது. வருசத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். பெரும்பாலும் அல் கபோனின் தீவைப் பார்க்கத்தான். 2025 மே மாதம் டிரம்ப் அதை மறுபடியும் சிறையாக்கப் போவதாக அறிவித்தார். கதை இன்னும் விலைபோகிறது. ஆனால் தண்ணீர்த் தொட்டியில் 'இந்தியர் நிலம்' என்று சிவப்பில் எழுதியது அழியவில்லை. 2012இல் துருப்பிடித்த தொட்டியைச் சீர்செய்தபோது பூங்காத்துறையே அந்த எழுத்துகளைத் திரும்ப எழுத வைத்தது. நவம்பரில், வெள்ளையர்கள் நன்றித் திருநாள் கொண்டாடும் வியாழக்கிழமை, விடியுமுன்னே பூர்வகுடிகள் படகேறித் தீவுக்குப் போகிறார்கள். தீ மூட்டி, மேளம் முழக்கிச் சூரியன் வரும்வரை நிற்கிறார்கள். அன்றைக்குச் சுற்றுலாவுக்கு விடுமுறை.