ஓர் அளவு, பல விளக்கங்கள்: ஈர்ப்பாய்வின் வரலாறு

திருநின்றவூரைச் சுற்றியுள்ள சமவெளியைக் காண்போருக்கு வயலும் ஏரியும் வீடுகளுமே கண்ணில் படும். ஆனால் அதனையடுத்த ஆவடி, ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளில் கோண்டுவானா காலத்துப் படிவுப் பாறைகள் உள்ளன. அவற்றின் அடியில் இருப்பது மிகப் பழைய கடினப் பாறை. அது எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைத் துளையிடாமல் மதிப்பிட உதவும் வழிகளுள் ஒன்று ஈர்ப்பாய்வு. படிவுப் பாறை அடர்த்தி குறைந்தது. ஆதலால் அது தடித்திருக்கும் இடத்தில் புவியீர்ப்பு இம்மியளவு குறையும்.

இடத்துக்கு இடம் கனம் மாறக்கூடும் என்ற எண்ணம் பழமையானது. ஹிஜ்ரி 515இல் (கி.பி. 1121) அல்காஸினி தமது 'மீஸானுல் ஹிக்மா'வில், உலக மையத்திலிருந்து விலக விலகப் பொருளின் கனம் கூடும் என எழுதினார். உண்மையில் பூமியை விட்டு மேலே செல்லச் செல்ல எடை குறைகிறது. எனினும், எடையைத் தொலைவோடு இணைத்து நோக்கிய அவருடைய சிந்தனை நம் கவனத்துக்கு உரியது.

சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1802இல் லாம்டன் பரங்கிமலை அருகே நில அளவையின் அடிக்கோட்டை அளந்தார். 1821இல் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தில் ஊசல் கொண்டு ஈர்ப்பை ஆராய்ந்தார். லாம்டன் தொடங்கிய அளவை வடக்கே சென்றபோது ஒரு புதிர் எழுந்தது. கல்யாண்பூர், கல்யானா ஆகிய இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட அட்சரேகை வேறுபாட்டை நில அளவையால் கணித்தபோது ஒரு விடையும், விண்மீன்களைக் கொண்டு கணித்தபோது வேறொரு விடையும் வந்தன. இரண்டும் சுமார் 5.2 விகலை வேறுபட்டன. விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு. இமயம் தூக்குக் குண்டைத் தன்பால் இழுப்பதே காரணம் என்றால், வேறுபாடு சுமார் 15.9 விகலை இருக்க வேண்டுமென 1855இல் பிராட் கணக்கிட்டார். மலையின் இழுப்பை ஏதோ ஒன்று ஈடுசெய்திருந்தது. மலைக்கடியில் இலேசான பொருள் ஆழ வேரூன்றி நிற்கிறது என்றார் ஏரி. உயர்ந்த நிலத்தின் அடியில் அடர்த்தியே குறைவு என 1859இல் பிராட் விளக்கினார். அளவு ஒன்று, விளக்கம் இரண்டு!

இன்றைய ஆய்வாளரும் இதே நிலையில்தான் இருக்கிறார். அட்சரேகையின் விளைவை நீக்கி, உயரத்துக்காக மீட்டருக்கு 0.3086 மில்லிகால் கூட்டி, இடைப்பட்ட பாறையின் இழுப்பைக் கழித்தபின் எஞ்சுவது 'பூகே' முரண். அதிலிருந்து பரந்த வட்டாரப் போக்கைப் பிரித்தெடுத்தால் உள்ளூர் அமைப்பு புலப்படும். அதன் பின்னரும் ஐயம் தீர்வதில்லை. எடுத்துக்காட்டாக, 10 மில்லிகால் குறைவு காணப்படுகிறது எனக் கொள்வோம். அடர்த்தி வேறுபாடு 0.3 கிராம் என்றால் படிவின் தடிமன் சுமார் 800 மீட்டர், 0.4 என்றால் சுமார் 600 மீட்டர். 1959இல் தல்வானியும் அவருடைய தோழர்களும் தந்த பல்கோண முறை இக்கணக்கை எளிதாக்கியதேயன்றி ஐயத்தைப் போக்கவில்லை. துளைக்கிணறும் நிலநடுக்க அலையாய்வும் சான்று கூறும்போதுதான் பல விடைகளுள் ஏற்றது எதுவெனத் தெரிகிறது.

எனவே, ஈர்ப்பு வரைபடத்தைக் காணும் நாம் முதலில் கேட்க வேண்டியது ஆழம் எவ்வளவு என்பதன்று. எந்த அடர்த்தியைக் கொண்டு இந்த ஆழம் சொல்லப்பட்டது என்பதே. அனுமானத்தை மறைத்துத் தரப்படும் எண், எத்துணை நுட்பமாயினும், அரைகுறைச் சாட்சியமே ஆகும்.