உயிரும் உடம்பும்

உடம்பை இழிந்ததென்று நாம் எளிதிற் சொல்லிவிடுகிறோம். திருமூலரோ, உடம்பழிந்தால் உயிரும் நிலைகெடும் என்று கண்டு, அதனைப் பேணும் உபாயத்தை நாடினார்.

மேனாட்டிலே கேலன் என்னும் வைத்தியர், மூளையின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய் வலையிலே உயிர்ச்சக்தி தூய்மையடைந்து ஆன்மாவின் கருவியாகிறது என்றார். பன்னூறாண்டு அது வேதவாக்காயிருந்தது. 1543இல் வெசேலியஸ் மனித உடலையே அறுத்தாராய்ந்து, அவ்வலை மனிதருக்கு இல்லை என்று எழுதினார். ஆடுமாடுகளில் உள்ளதையன்றோ கேலன் நம்மேல் ஏற்றியிருந்தார்! ஆயினும் ஆன்மாவின் இருப்பிடம்பற்றி வாதிட வெசேலியஸ் விரும்பவில்லை. சமயவாதிகளின் சினத்தை அவர் அறிவார்.

கத்தி வலையைத்தான் பொய்யாக்கிற்று, ஆன்மாவையன்று என்பதே நம் கருத்து.

இவ்வுடற்கூற்றறிவு நம் நாட்டிலே தமிழுருவும் பெற்றது. மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த அமெரிக்கர் கிறீன், 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் நூலை வெளியிட்டார்.